கம்போடியாவில் கேமராவோடு: அங்கோர் கோயில்கள், ஏரிப் பறவைகள், பனைமர ஊர்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்போடியாவுக்கு மூன்று முறை போயிருக்கிறேன், மூன்று முறையும் படம் எடுப்பதற்காகவே. அங்கே கிளம்பும் நண்பர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

கோயில், பறவை, கிராமம் மூன்றையும் ஒரே பயணத்தில் எடுக்க ஏன் கம்போடியா?

அங்கே மூன்றும் ஒரே தண்ணீரில் வளர்ந்தவை. தோன்லே சாப் என்ற பெரிய ஏரியில் இருந்து அதே பெயருடைய ஆறு ஒன்று மேகோங் பேராற்றை நோக்கி ஓடுகிறது. மழைக்காலத்தில் மேகோங் பெருகியதும் அந்த ஆறு திசை மாறி ஏரிக்குள் பாயும். கோடையில் சுமார் 2,500 சதுர கிலோமீட்டராகச் சுருங்கிக் கிடக்கும் ஏரி, நல்ல வெள்ளம் வந்த ஆண்டில் 15,000 சதுர கிலோமீட்டர் வரை விரிந்துவிடும். கரையோரக் காடு முழுவதும் மூழ்கிப்போகும். அந்தக் காட்டுக்குள் மீன் பெருகும், மீனைத் தேடிப் பறவை வரும். அங்கோர் என்ற பழைய கெமர் பேரரசின் தலைநகரம் அவ்வளவு மக்களுக்குச் சோறு போட்டதும் இந்த மீனையும் வயலையும் நம்பித்தான்.

அங்கோரில் உள்ள பயோன் கோயிலின் தெற்கு வெளிச்சுற்றுச் சுவரில் இதையெல்லாம் பார்க்கலாம். அண்டை நாடான சம்பாவின் சாம் படையோடு நடந்த படகுப் போர் அங்கே செதுக்கப்பட்டிருக்கிறது. படகுகளுக்குக் கீழே மீன்கள், முதலைகள். அதற்கும் கீழே, கண் மட்டத்தில், ஊர் வாழ்க்கை: சந்தையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள், சேவல் சண்டை, ஒரு பிரசவம். 800 ஆண்டுகளுக்கு முந்தைய சிற்பம் அது. அதைப் பார்த்துவிட்டு அன்று மாலையே ஏரிக்கரை ஊருக்குப் போனால், கல்லில் கண்டதில் பாதி கண் முன்னால் நடந்துகொண்டிருக்கும்.

எனவே பயணத்தைத் திட்டமிடும்போது "கோயிலுக்கு மூன்று நாள், பறவைக்கு ஒரு நாள், கிராமத்துக்கு அரை நாள்" என்று பிரிக்காதீர்கள். கல்லில் பார்த்த மீனையும் மாட்டுவண்டியையும் வெளியே போய்த் தேடுங்கள். உங்கள் படங்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து நிற்கும்.

எந்த மாதம் போகலாம்?

ஒரே மாதம் சொல்லச் சொன்னால் ஜனவரி. மழை இருக்காது, வெயில் தாங்கும் அளவில் இருக்கும், ஏரிப் பறவைகள் கூடு கட்டியிருக்கும். நவம்பர் கடைசியில் இருந்து பிப்ரவரி வரை பொதுவாகவே வசதியான காலம்தான், ஆனால் கூட்டமும் அப்போதுதான் அதிகம். மார்ச், ஏப்ரல் மாதங்களில் சூடு கடுமை, வானமும் வெளுத்துப்போய்க் கிடக்கும்.

மழைக்காலத்தை யாரும் பரிந்துரைப்பதில்லை. நான் பரிந்துரைப்பேன், கோயில்களும் ஊர்களும் மட்டும் போதும் என்றால். செப்டம்பர், அக்டோபரில் அகழிகள் நிரம்பியிருக்கும், கல்லின் மேல் பாசி பச்சைப் பசேல் என்று படர்ந்திருக்கும், வயல்கள் கண்ணைப் பறிக்கும். பெரும்பாலும் பிற்பகலில்தான் மழை கொட்டும். காலையில் உங்களுக்கு மேகம் சூழ்ந்த மென்மையான வெளிச்சம் கிடைக்கும். பாசி படர்ந்த கல்லுக்கு அதைவிட நல்ல வெளிச்சம் குறைவு.

எத்தனை நாள் வேண்டும்? நுழைவுச்சீட்டு எப்படி?

அங்கோரை ஒட்டிய நகரமான சியம் ரீப்பில் குறைந்தது ஆறு நாள். 2017 முதல் அங்கோர் நுழைவுச்சீட்டு ஒரு நாளைக்கு 37 டாலர், மூன்று நாளைக்கு 62, ஏழு நாளைக்கு 72. மூன்று நாள் சீட்டைப் பத்து நாளுக்குள்ளும், ஏழு நாள் சீட்டை ஒரு மாதத்துக்குள்ளும் விட்டுவிட்டுப் பயன்படுத்தலாம். படம் எடுப்பவர்களுக்கு ஏழு நாள் சீட்டுதான் சரி. வித்தியாசம் பத்து டாலர்தான், ஆனால் "இன்றைக்கே முடித்தாக வேண்டும்" என்ற பதற்றம் போய்விடும். வெளிச்சம் சரியில்லையா, அறைக்குத் திரும்பித் தூங்கலாம், நாளைக்கு மறுபடி வரலாம்.

சீட்டில் உங்கள் முகப்படம் இருக்கும், வேறொருவருக்குக் கொடுக்க முடியாது. ஒவ்வொரு சீட்டிலும் 2 டாலர் காந்தா போபா குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகிறது. மாலை ஐந்து மணியை ஒட்டி மறுநாளுக்கான சீட்டை வாங்கினால் அன்றைய சூரிய அஸ்தமனத்தையும் உள்ளே போய்ப் பார்க்க விடுவார்கள்.

அங்கோர் வாட் சூரிய உதயம் பார்த்தே ஆக வேண்டுமா?

ஒரு முறை பாருங்கள். கோயில் மேற்கு நோக்கியது, அதனால் வாசலில் நிற்கும் உங்களுக்குக் கோபுரங்களுக்குப் பின்னால் சூரியன் எழும். உள்ளே நுழைந்ததும் இடது பக்கம் இருக்கும் குளக்கரைதான் எல்லோரும் நிற்கும் இடம். காலை ஐந்து மணிக்குத் திறப்பார்கள், முன்வரிசை வேண்டும் என்றால் அப்போதே இருக்க வேண்டும். சூரியன் மேலே வருவதற்கு இருபது, முப்பது நிமிடம் முன்பு வானம் நீலமும் செம்மையுமாக இருக்கும்போது எடுத்துவிடுங்கள். சூரியன் எழுந்த பிறகு கோபுரம் கரும் நிழலாகிவிடும், வானம் வெளுத்துவிடும்.

மார்ச் 21, செப்டம்பர் 23 ஆகிய தேதிகளை ஒட்டிய நாட்களில் மேற்குப் பாதையின் நடுவில் நின்றால் சூரியன் நடுக் கோபுரத்தின் உச்சியிலேயே வந்து உட்காரும். கட்டியவர்கள் கணக்குப் போட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள்.

ஆனால் என் நல்ல படங்கள் அதற்குப் பிறகு கிடைத்தவை. ஆறரை, ஏழு மணிக்குக் கூட்டம் காலைச் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிடும். அப்போது கோயிலைச் சுற்றிக் கிழக்குப் பக்கம் போங்கள். வெயில் நேராக விழுந்து கல் தேன் நிறத்தில் நிற்கும், ஆளே இருக்க மாட்டார்கள். கிழக்குச் சுற்றின் தெற்குப் பாதியில்தான் பாற்கடல் கடையும் சிற்பம் இருக்கிறது. அதற்கு வெளிச்சம் வரும் நேரமும் அதுதான்.

நீண்ட புடைப்புச் சிற்பங்களை எப்படி எடுப்பது? என் படங்கள் எல்லாம் தட்டையாக வருகின்றன.

தட்டையாக வருவதற்குக் காரணம் நீங்கள் நேர் எதிரே நின்று எடுப்பதுதான். இந்தச் சிற்பங்களின் ஆழம் சில சென்டிமீட்டர்தான். ஒளி பக்கவாட்டில் இருந்து சாய்ந்து விழுந்தால் மட்டுமே உருவங்கள் சுவரை விட்டு எழுந்து நிற்கும். வெளிப்பக்கத் தூண்களுக்கு இடையே வெயில் சாய்வாக நுழையும் நேரத்துக்குக் காத்திருங்கள்.

எந்தச் சுவருக்கு எப்போது போவது என்று முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள். மேற்குச் சுற்றின் தெற்குப் பாதியில் குருக்ஷேத்திரப் போர், வடக்குப் பாதியில் இலங்கைப் போர். இரண்டுக்கும் மாலை நான்கு மணிக்கு மேல். அம்புப் படுக்கையில் பீஷ்மர், அனுமன் தோளில் ராமர், இருபது கைகளோடு தேரில் ராவணன் எல்லாம் அங்கே உண்டு. தெற்குச் சுற்றில் அங்கோர் வாட்டைக் கட்டிய அரசன் இரண்டாம் சூரியவர்மனின் ஊர்வலமும் சொர்க்கம், நரகம் பற்றிய நீண்ட காட்சியும் இருக்கின்றன. டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே தாழ்ந்து போவதால் அந்தச் சுவருக்கு நாள் முழுக்க ஓரளவு ஒளி கிடைக்கும். வடகிழக்கு மூலையை ஒட்டிய சுவர்கள் 16ஆம் நூற்றாண்டில் செதுக்கி முடிக்கப்பட்டவை, வேலைப்பாடு குறைவு. நேரம் போதவில்லை என்றால் அவற்றை விட்டுவிடலாம்.

பாற்கடல் சிற்பம் சுமார் 49 மீட்டர் நீளம். 92 அசுரர்கள் ஒரு பக்கம், 88 தேவர்கள் மறுபக்கம், நடுவில் திருமால். முழுவதையும் ஒரே படத்தில் அடைக்கப் பார்க்காதீர்கள். 85 மி.மீ. அல்லது அதற்கு மேல் போட்டு, பாம்பைப் பிடித்திருக்கும் கைகளின் வரிசையை மட்டும் எடுத்துப் பாருங்கள். அந்தக் கைகளின் தாளம் ஒன்றே போதும். அப்புறம் கீழே குனிந்து கடலைப் பாருங்கள். கடையும் வேகத்தில் மீனும் முதலையும் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும்.

ஃபிளாஷ் வேண்டாம். ஐ.எஸ்.ஓ 1600, 3200 வரை தயங்காமல் ஏற்றுங்கள், இன்றைய கேமராக்கள் தாங்கும். சிற்பத்தைத் தொடவும் கூடாது. கீழ்வரிசை உருவங்கள் பல கை பட்டுப் பட்டே வழவழப்பாகிவிட்டன.

பந்தியாய் ஸ்ரேயில் காரைக்கால் அம்மையார் இருக்கிறார் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. தமிழர்கள் அங்கே போனால் தவறவிடக் கூடாத சிற்பம் அதுதான்.

பந்தியாய் ஸ்ரே கி.பி. 967இல் குடமுழுக்குக் கண்ட சிவன் கோயில். அரசன் கட்டியது அல்ல. அரசவையில் இருந்த யஜ்ஞவராகர் என்ற அறிஞர் கட்டியது. சியம் ரீப்பில் இருந்து சுமார் 35 கிலோமீட்டர். கோயில் சிறியது, இளஞ்சிவப்பு மணற்கல், மரத்தில் செதுக்கியதுபோல நுண்ணிய வேலை. கிழக்கு வாசல் ஒன்றின் முகப்பில் பத்துக் கைகளோடு சிவன் ஆடுகிறார். அவர் காலடியில், ஓரமாக, வற்றிய உடலும் தொங்கிய மார்புமாக ஒரு பெண். பேயுருவை வேண்டிப் பெற்று, திருவாலங்காட்டில் ஆடும் இறைவனின் அடிக்கீழ் இருந்து பாடிய நம் அம்மையார்தான் அவர் என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். காரைக்காலில் பிறந்த ஒரு பெண்ணின் கதை கடல் தாண்டிப் போய், வேறொரு மொழி பேசும் சிற்பியின் உளிக்குக் கிடைத்திருக்கிறது. கெமர் எழுத்து பல்லவ எழுத்தில் இருந்து வந்தது, அரசர்களின் பெயர்களும் "வர்மன்" என்றே முடிகின்றன, இதெல்லாம் படித்துத் தெரிந்ததுதான். ஆனாலும் அந்த முகப்புக்குக் கீழே நின்றபோது எனக்குக் கண் கலங்கியது. கேமராவை எடுக்கப் பத்து நிமிடம் ஆனது.

எடுக்கும் முறை: முகப்பு தலைக்கு மேலே இருப்பதால் கீழிருந்து வைட் லென்ஸில் எடுத்தால் கோணலாக வரும். பின்னால் தள்ளி நின்று 70-200 போடுங்கள். காலை ஏழரைக்குத் திறந்தவுடன் போய்விடுங்கள். டிசம்பர், ஜனவரியில் சூரியன் தென்கிழக்கில் இருந்து வருவதால், முகப்பைப் பார்த்து நிற்கும் உங்களுக்கு இடது பக்கத்தில் இருந்து ஒளி சாய்ந்து விழும். அம்மையாரின் விலா எலும்புகள் தெரிவது அந்த ஒளியில்தான்.

உட்கோயிலைச் சுற்றிக் கயிறு கட்டியிருப்பதால் அங்கும் நீண்ட லென்ஸ் உதவும். நூலக மாடங்கள் இரண்டின் முகப்புகளையும் விடாதீர்கள். கயிலையை அசைக்கும் ராவணன், எரிக்கப்படும் காமன், காண்டவ வனத்தின் மேல் இந்திரன் பொழியும் மழை, கம்சனைக் கொல்லும் கிருஷ்ணன். கதை தெரிந்தவர் எடுத்த படத்துக்கும் தெரியாதவர் எடுத்த படத்துக்கும் வேறுபாடு இங்கே நன்றாகத் தெரியும். கயிலை நடுங்கும்போது பார்வதி சிவனைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். கதை தெரிந்த கண் நேராக அங்கேதான் போகும்.

மர வேர்கள் சுவரைப் பற்றி நிற்கும் தா ப்ரோம் கோயிலை ஆட்கள் இல்லாமல் எடுக்க முடியுமா?

காலை ஏழரைக்குக் கிழக்கு வாசல் வழியாக நுழைந்தால் கால் மணி நேரம் கிடைக்கும். அதற்கு மேல் முடியாது. மேகம் மூடிய நாளாகப் பார்த்துப் போங்கள். வெயில் அடித்தால் இலைகளின் ஊடாக விழும் வெள்ளைப் புள்ளிகள் படத்தைக் கெடுத்துவிடும். இங்கே சீரமைப்பு வேலையில் நம் இந்தியத் தொல்லியல் துறைக்கும் பங்கு உண்டு.

அங்கோர் காட்டுக்குள் விலங்குகள் இருக்கின்றனவா?

இருக்கின்றன, பலருக்கு இது தெரியாது. வேட்டையால் இந்தக் காட்டில் கிப்பன் குரங்குகள் இல்லாமலே போயிருந்தன. 2013 முதல் அவற்றை மீண்டும் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அவை இங்கேயே குட்டி போட்டும் வளர்கின்றன. ஆண் கறுப்பு. பெண் வெளிர் சாம்பல், தலையிலும் மார்பிலும் மட்டும் கறுப்பு. விடியற்காலையில் ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும் குரல் வெகுதூரம் கேட்கும். மர உச்சியில் இருப்பதால் 400 மி.மீ. லென்ஸும் பொறுமையும் வேண்டும். படம் கிடைக்காவிட்டாலும் அந்தக் குரலைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

கோயில் வாசல்களில் சுற்றும் நீள்வால் குரங்குகளுக்குத் தீனி கொடுக்காதீர்கள். காணொளிக்காக அவற்றைச் சீண்டுகிறவர்களால் குரங்குகள் மனிதர்களைத் தாக்கப் பழகிவிட்டன. கோயிலைச் சுற்றி நடந்த யானைச் சவாரி 2020இன் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. யானை மேல் சுற்றுலாப் பயணி, பின்னால் கோபுரம் என்ற பழைய படத்தை மனதில் வைத்துக்கொண்டு யாரும் இனி போக வேண்டாம். நல்ல முடிவு.

ஏரிப் பறவைகளுக்கு எங்கே போவது?

ப்ரெக் தோவால். ஏரியின் வடமேற்கு மூலையில் இருக்கும் வெள்ளக்காடு. தென்கிழக்கு ஆசியாவிலேயே பெரிய நீர்ப்பறவைக் கூடமைவிடங்களில் ஒன்று. டிசம்பர் முதல் மார்ச் வரை போகலாம். அதற்குப் பிறகு தண்ணீர் வற்றிப் படகு உள்ளே போவது சிரமம்.

வேடந்தாங்கலுக்கோ கூந்தன்குளத்துக்கோ போய்ப் பழகியவர்களுக்கு இங்கே பாதிப் பறவைகள் சொந்தக்காரர்கள்: கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா, அரிவாள்மூக்கன், நீர்க்காகம். கூடவே நம் ஊரில் எளிதில் பார்க்க முடியாத பால்வெள்ளை நாரையும், வழுக்கைத் தலையோடு நிற்கும் பெருநாரையும் உண்டு.

வேறுபாடு என்னவென்றால் அளவு. ஏரிக்கு நடுவே கருவேல மரங்களில் கூடு பார்த்த நமக்கு, அடிவானம் வரை தண்ணீரில் நிற்கும் காடும், அதன் உச்சிகள் எல்லாம் வெள்ளையாக இருப்பதும் வேறு அனுபவம். சியம் ரீப்பில் இருந்து இருட்டோடு கிளம்பி, பெரிய படகில் ஏரியைக் கடந்து, பறவைக் காவலர்களின் நிலையத்தில் கட்டணம் கட்டிவிட்டுச் சிறிய படகுக்கு மாற வேண்டும். பிறகு மரத்தின் மேல் கட்டிய பரணில் ஏறிப் பார்ப்பது. ஏணி செங்குத்தாக இருக்கும், பையை முதுகில் நன்றாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

அந்தப் பரணில் உங்களோடு நிற்கும் காவலரிடம் பேசிப் பாருங்கள். ஒரு காலத்தில் இந்த ஊர்க்காரர்கள் கூடை கூடையாக முட்டையும் குஞ்சும் எடுத்து விற்றார்கள். 2000களின் தொடக்கத்தில் அவர்களையே காவலர்களாகச் சேர்த்தார்கள். எந்த மரத்தில் எந்தப் பறவை இருக்கும் என்பது அவர்களைவிட யாருக்குத் தெரியும்? பரணில் இரவும் பகலும் உட்கார்ந்து கூடுகளை எண்ணினார்கள், பறவைகள் பல மடங்கு பெருகின. என்னிடம் உள்ள ப்ரெக் தோவால் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது பறவைப் படம் அல்ல, தொலைநோக்கியில் கண் வைத்தபடி நோட்டில் கோடு போடும் ஒரு காவலரின் கை.

நுட்பத்தில் கவனிக்க வேண்டியவை: பறக்கும் கூழைக்கடாவுக்கு 1/1000 போதும், பாம்புத்தாராவுக்கு 1/2000 வேண்டும். வெள்ளை இறகு வெளிறிப்போகாமல் இருக்க எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் குறையுங்கள். படகில் ட்ரைபாட் பயன்படாது, எஞ்சின் நடுக்கம் அப்படியே லென்ஸுக்கு ஏறும். கையில் பிடியுங்கள், அல்லது அரிசி நிரப்பிய சிறு துணிப்பையின் மேல் லென்ஸை வையுங்கள். ஒன்பதரைக்கு மேல் தண்ணீரில் கானல் எழும்பும். அப்புறம் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸாக இருந்தாலும் தூரத்துப் பறவை கூர்மையாக வராது. படகோட்டியிடம் "இன்னும் கிட்டே போங்கள்" என்று சொல்லாதீர்கள். தாய் எழுந்து பறந்தால் வெயிலில் குஞ்சு வதங்கும், காகம் முட்டையைத் தூக்கும்.

மேகோங் டால்ஃபின்களை எடுக்க முடியுமா?

க்ராச்செ என்ற ஊருக்கு வடக்கே 15 கிலோமீட்டரில் காம்பி. அங்கே படகு கிடைக்கும். இவை ஒடிசாவின் சிலிக்கா ஏரியில் இருக்கும் அதே ஐராவதி டால்ஃபின் இனம். 2020 கணக்கெடுப்பில் கம்போடிய மேகோங்கில் 89 தான் இருந்தன. லாவோஸ் எல்லையில் இருந்த கடைசி ஒன்று 2022இல் செத்துப்போனது. மீன்வலையில் சிக்கி மூச்சுத் திணறிச் சாவதுதான் முக்கியக் காரணம்.

இவை துள்ளிக் குதிப்பதில்லை. மொட்டைத் தலையும் சிறு துடுப்பும் ஒரு விநாடி மேலே வரும், அவ்வளவுதான். எஞ்சினை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். "புஸ்" என்று மூச்சு விடும் சத்தம்தான் முதலில் வரும். அந்தத் திசையில் அடுத்த முறையும் எழும். தண்ணீர் குறைந்த கோடை மாதங்களில், மாலை நேரத்தில், ஆழமான மடுக்களில் அவை கூடியிருக்கும்.

அரிய பறவைகளைத் தேடுகிறவர்களுக்கு?

வடக்கே த்மாட்போய் என்ற கிராமம். கம்போடியாவின் தேசியப் பறவையான ராட்சத அரிவாள்மூக்கன் அங்கே இருக்கிறது. உலகத்தில் மிக அருகிப்போன பறவைகளில் ஒன்று. ஊர்க்காரர்களே வழிகாட்டிகள், அவர்கள் விடுதியிலேயே தங்கலாம், கட்டணத்தில் ஒரு பங்கு ஊர் நிதிக்குப் போகிறது. விடியும் முன் நடக்க வேண்டும். வழிகாட்டி காட்டும் தடத்தை விட்டு ஓர் அடி விலகக் கூடாது. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

கிராமத்து மனிதர்களை எடுக்கும்போது எப்படிக் கேட்பது?

"தோட் ரூப் பான் தே?" என்று கேளுங்கள். படம் எடுக்கலாமா என்று பொருள். அந்த "ரூப்" நம் ரூபம்தான், எனவே மறக்காது. முதலில் கைகூப்பி "சும்ரீப் சுவா" என்று வணக்கம் சொல்லிவிட்டு இதைக் கேளுங்கள், முடிந்ததும் "ஆர்குன்" என்று நன்றி. இந்த மூன்று சொற்களும் எந்த லென்ஸையும்விட அதிகம் வேலை செய்யும். "வேண்டாம்" என்று கையசைத்தால் கேமராவை இறக்கிவிடுங்கள். தூரத்தில் போய் நின்று ஜூம் போட்டுத் திருடுவது தவறு.

ஆனால் கேட்டவுடன் எல்லோரும் விறைத்து நிற்பார்கள். அந்தப் படத்தை எடுத்து, திரையில் காட்டி, சிரித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். அரை மணி நேரத்தில் உங்களை மறந்து அவர்கள் வேலையைப் பார்ப்பார்கள். உண்மையான படங்கள் அப்போதுதான் தொடங்கும்.

எந்தக் கிராமத்தில் தொடங்கலாம்?

பந்தியாய் ஸ்ரே போகும் வழியில் இருக்கும் ப்ரியா டாக். பனை அங்கே தேசிய மரம், நமக்கு மாநில மரம். சாலையோரமாகப் பெரிய இரும்புச் சட்டியில் பதநீர் காய்ந்துகொண்டிருக்கும். பாகு பதமாகி வரும் அந்த வாசனை அடித்ததும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்களுக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும். மரத்தோடு சேர்த்துக் கட்டிய மூங்கிலில் கால் வைத்து ஏறுகிறார்கள், பாளையைச் சீவிக் கலயத்துக்குப் பதில் மூங்கில் குழாயைக் கட்டுகிறார்கள். இப்போது பிளாஸ்டிக் பாட்டிலும் வந்துவிட்டது. கருப்பட்டியை ஓலை வளையத்துக்குள் ஊற்றிச் சிறு வில்லைகளாக எடுக்கிறார்கள்.

என் இரண்டாவது பயணத்தில் ஓர் அம்மா பாகு கிண்டிக்கொண்டிருந்தார். கைபேசியில் இருந்த எங்கள் ஊர்ப் பனையேறி ஒருவரின் படத்தைக் காட்டினேன். அவர் அதை வாங்கிப் பெரிதாக்கி, இடுப்பில் இருந்த அரிவாள் பெட்டியை உற்றுப் பார்த்து, உள்ளே இருந்த கணவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம் நான் கேட்கவே தேவைப்படவில்லை. மறுநாள் காலை ஐந்தரைக்கு மரத்தடிக்கு வரச் சொல்லிவிட்டார். உங்கள் ஊர் வேலைகளின் படங்கள் பத்து எடுத்துப் போங்கள்: நெல் நடவு, வலை பின்னுவது, இடியாப்பம் பிழிவது. இந்த ஊரில் நும் பான் சொக் என்ற அரிசி நூடுல்ஸையும் மாவை அச்சில் வைத்து அழுத்தி வெந்நீரில் பிழிகிறார்கள்.

பனை வேலை நடப்பது மழை இல்லாத மாதங்களில். மரம் ஏறுபவரைக் கீழிருந்து வானத்தைப் பார்த்து எடுத்தால் கரும் நிழலாகத்தான் வரும். கொஞ்சம் தள்ளி நின்று, அடுத்த மரத்தின் இலைக்கூட்டம் பின்னணியாக வருமாறு பாருங்கள்.

மிதக்கும் கிராமங்கள் ஏமாற்று வேலை என்கிறார்களே?

ஊர்கள் உண்மையானவை. ஏமாற்று சில படகுகளில் இருக்கிறது. முதல் பயணத்தில் நகருக்கு மிக அருகில் உள்ள படகுத்துறையில் நான் ஏறிய படகு, கேட்காமலேயே ஒரு பள்ளிக்குப் போனது. வழியில் ஒரு கடையில் நிறுத்தி, பிள்ளைகளுக்கு மூட்டை அரிசி வாங்கித் தரச் சொல்லி வற்புறுத்தினார்கள். விலை சந்தை விலையைவிடப் பல மடங்கு. அந்த அரிசி யாருக்குப் போனது என்று எனக்குத் தெரியாது. வாங்கியதற்கு இன்றும் வருந்துகிறேன். "பள்ளி வேண்டாம், அனாதை இல்லம் வேண்டாம்" என்று படகேறும் முன்பே சொல்லிவிடுங்கள். பார்வையாளர்களின் காசுக்காகவே பெற்றோர் உள்ள பிள்ளைகளைக்கூட இல்லங்களில் வைத்திருப்பது கம்போடியாவில் நெடுங்காலப் பிரச்சினை.

கொஞ்சம் தூரம் போனாலும் கம்போங் க்லியாங் போங்கள். பெரிய ஊர், மீன்தான் வாழ்க்கை. கோடையில் போனால் வீடுகள் இரண்டு மூன்று ஆள் உயரக் கால்களில் வானத்தில் நிற்கும், கீழே தெருவில் மீன் காயும், பிள்ளைகள் ஓடுவார்கள். மழை முடிந்ததும் போனால் அதே தெருவில் படகு ஓடும், தண்ணீர் வாசற்படியைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஒரே வீட்டை இரண்டு காலத்திலும் எடுத்தால் ஏரியைப் பற்றி வேறு எதுவும் எழுதவே வேண்டாம்.

பணம் கேட்டால் கொடுக்கலாமா?

படத்துக்காகக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள், பள்ளிக்குப் போவதைவிட அது லாபம் என்று ஆகிவிடும். பெரியவர்களிடம் ஏதாவது வாங்குங்கள். கருப்பட்டி, மீன், கட்டம் போட்ட க்ரமா துண்டு. ஒருவரின் வேலை நேரத்தில் ஒரு காலை முழுக்க எடுத்துக்கொண்டால் கூலியாகக் கொடுப்பதே நியாயம். எவ்வளவு என்பதை உள்ளூர் வழிகாட்டியிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

துறவிகளை எடுக்கலாமா? என்ன உடை?

அங்கோர் வாட் வளாகத்துக்குள் இன்றும் புத்த மடங்கள் இயங்குகின்றன. துறவிகளிடமும் கேட்டுவிட்டே எடுங்கள். பெண்கள் அவர்களைத் தொடவோ கையில் நேரடியாக எதையும் கொடுக்கவோ கூடாது. தோளும் முழங்காலும் மூடிய உடை எல்லோருக்கும் வேண்டும், இல்லாவிட்டால் மேல்தளத்துக்கு விட மாட்டார்கள். புத்தப் புனித நாட்களில் அந்த மேல்தளமே மூடியிருக்கும்.

என்ன கருவிகள்?

ஒரு கேமரா, 24-70, 100-400, வெளிச்சம் குறைந்த இடத்துக்கு 35 மி.மீ. ஒன்று. அவ்வளவு போதும், நடக்கும் தூரம் அதிகம். குளிரூட்டிய அறையில் இருந்து விடியற்காலையில் வெளியே எடுத்தவுடன் லென்ஸ் முழுக்க ஆவி பிடிக்கும். என் முதல் அங்கோர் விடியலில் பாதியைத் துடைத்தே கழித்தேன். இரவே கேமராப் பையை இறுக்க மூடிக் குளிரூட்டிக்கு எட்டாத மூலையில் வையுங்கள், கிளம்பி அரை மணி நேரம் கழித்துத் திறங்கள். கோடையில் செம்மண் புழுதி கடுமை, வெளியில் லென்ஸ் மாற்றாதீர்கள். கைபேசி மட்டும் உள்ளவர்கள் பறவையை விட்டுவிடுங்கள். சிற்பத்துக்கும் ஊருக்கும் அது தாராளமாகப் போதும்.

ட்ரோன்?

அனுமதி இல்லாமல் அங்கோரில் பறக்கவிடக் கூடாது. பறவைக் கூடுகளுக்கு மேல் எங்குமே கூடாது.

பாதுகாப்பு எப்படி?

நகரத்திலும் கோயில்களிலும் பயம் இல்லை. ஆனால் போர்க்காலத்துக் கண்ணிவெடிகள் தொலைவான காடுகளில் இன்னும் முழுவதும் அகற்றப்படவில்லை. பறவை தெரிகிறது, கோணம் நன்றாக இருக்கிறது என்று தடத்தை விட்டு இறங்காதீர்கள். 2025 ஜூலையில் தாய்லாந்து எல்லையில் சண்டை வெடித்தது, ப்ரியா விஹார் மலைக்கோயிலும் சேதம் கண்டது. எல்லையோரப் பகுதிகளுக்கும், த்மாட்போய் உள்ள வடக்கு மாகாணத்துக்கும் கிளம்பும் முன் அன்றைய நிலவரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் என்ன செய்வது?

சியம் ரீப்பில் இந்திய உணவகங்கள் உண்டு. கிராமங்களில் காய்கறிக் குழம்பிலும் மீன் விழுதோ மீன் சாறோ இருக்கும். வெறும் சோறு, வாழைப்பழம், வறுத்த கடலை கையில் இருக்கட்டும்.

படங்களை வெளியிடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

அரிய பறவையின் கூடு என்றால் படத்தில் பதிந்திருக்கும் ஜி.பி.எஸ். விவரத்தை நீக்கிவிட்டுப் போடுங்கள். ஏரியில் வாழ்கிறவர்களில் வியட்நாமிய வம்சாவளியினர் பலர், தலைமுறைகளாக அங்கே இருந்தும் குடியுரிமைத் தாள் இல்லாதவர்கள். அவர்கள் முகமும் வீடும் தெளிவாகத் தெரியும் படத்தைப் பொதுவில் போடும் முன் அவர்களிடம் கேளுங்கள், மொழி தெரியாவிட்டால் வழிகாட்டி மூலம் கேளுங்கள். ஏழ்மையைக் காட்டும் படத்துக்குக் கீழே "எளிமையான மகிழ்ச்சி" என்று எழுதாதீர்கள். அவர் பெயரையும் செய்யும் வேலையையும் எழுதலாமா என்று கேட்டு, சரி என்றால் அதை எழுதுங்கள்.

எடுத்த படத்தை அவர்களுக்கு எப்படிக் கொடுப்பது?

கைபேசியில் அனுப்பச் சொல்வார்கள், அனுப்புங்கள். ஆனால் காகிதத்தில் கிடைக்கும் படத்துக்குத் தனி மதிப்பு இருக்கிறது. சியம் ரீப்பில் படம் அச்சிடும் கடைகள் உள்ளன. பயணத்தின் கடைசி நாளைக் காலியாக வைத்துக்கொண்டு, அச்சிட்டு, ஆட்டோ போன்ற துக்துக் ஒன்றில் போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள். மூன்றாவது முறை ப்ரியா டாக் போனபோது, பாகு கிண்டிய அம்மாவின் வீட்டுச் சுவரில் நான் கொடுத்த படம் இருந்தது. பக்கத்திலேயே எங்கள் ஊர்ப் பனையேறியின் படமும் இருந்தது. அதையும் ஒரு பிரதி கேட்டு வாங்கியிருந்தார்.